கூதிர்க் காலத்துக் காட்சிகள்

பண்டைத் தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப் பெயர் பெற்றன. தேர்வில் இதனைக் கேட்டால் விடை எழுதாத மாணவர் அரியர். ஆயின், "இவ்வாண்டு நும் ஊரில் கூதிர் எந்நாளில் புகுந்தது? வாடை முதன்முதல் எப்பொழுது வீசிற்று? அன்று மாலை வானம் எந்நிறம் கொண்டிருந்தது?" என வினவினால், அவருள் பலர் வாய் திறவார். சொல் நாவில் இருக்கிறது. பொருள் கண்ணிற் படவில்லை. நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்னும் உரிமையால் ஒன்று கூறுவேன். சொல்லை ஏட்டிற் கற்கலாம். அதன் பொருளை வெளியிற் சென்றே காணவேண்டும். அங்ஙனம் காண்பதற்குக் கூதிரினும் ஏற்ற பருவம் வேறில்லை.

"மழையில் திரியாதே, சளி பிடிக்கும்" என்று அன்னையர் தடுப்பது இயல்பே. அவர் சொல்லை மீறுக என்று யான் கூறவில்லை. காட்டிற்கும் மலைக்கும் போகவேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் வழி, வயல் வரப்பு, குளக்கரை, ஆற்றுப்பாலம், வீட்டு மாடி ஆகிய இவையே போதும். கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்குக் கட்டணமும் இல்லை.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. கூதிரை 'இலையுதிர்காலம்' என எழுதுவோர் உளர். இது குளிர்நாட்டார் வழக்கினை நம் மண்ணின்மேல் ஏற்றிச் சொல்வதாகும். அந்நாடுகளில் இப்பருவத்தில் மரங்கள் பொன்னும் செம்பும் போல நிறம் மாறி இலையுதிர்க்கும். நம் கடலூர்ப் பகுதியிலோ ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள திங்களில்தான் பெய்கிறது. எனவே, மேலைநாட்டில் மரம் உறங்கப் போகும் காலத்தில் நம் புல்லும் பூண்டும் விழித்தெழுகின்றன. வேலியிற் படர்ந்த காந்தள் தீக்கொழுந்து போலப் பூப்பதும் இப்போதுதான். கார்த்திகைப்பூ என மக்கள் அதற்குப் பெயரிட்டது காரணம் பற்றியே.

இலை சிவக்கும் மரம் நம்மிடம் இல்லையோ எனின், உண்டு. அது தில்லை. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த அம்மரம் இன்று அவ்வூர்த் தெருக்களில் இல்லை. ஊருக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிட முகத்திற்கும் இடையே பரந்த பிச்சாவரத்து உவர்நீர்க் காட்டில் அதனைக் காணலாம். உதிர்வதற்கு முன் அதன் இலை செம்மையும் மஞ்சளும் கலந்த நிறம் கொள்ளும். பசுமையே உருவான அலையாத்திக் காட்டின் நடுவில் அந்நிறம் தனித்துத் தோன்றும். படகிலிருந்து கண்டு மகிழுங்கள், ஆனால் கிள்ளாதீர்கள். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. தில்லை என்பதற்கு 'ஒருவகை மரம்' என்று மட்டும் பொருள் எழுதியவன் இதனை அறியான்.

இவ்வாறு ஏட்டில் உறங்கும் சொற்களுள் மற்றொன்று மூதாய். சங்கப் பாடல்களில் மழைபெய்த முல்லை நிலத்தைப் புனையும் இடத்து இச்சொல் வரும். 'தம்பலப்பூச்சி' என உரைகாரர் பொருள் கூறுவர். வடமொழியாளர் இந்திரகோபம் என்பர். சிறுவர் பட்டுப்பூச்சி என்பர். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலை, செம்மண் மேட்டிலும் புல்தரையிலும் குங்குமத்தில் தோய்ந்த பட்டுத் துணுக்கு ஒன்று ஊர்ந்து செல்வதைக் கண்டால், அதுவே மூதாய். குனிந்து அதன் கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும். பூச்சிகளுக்குக் கால் ஆறு. ஆகவே இது பூச்சி இனத்தது அன்று. சிலந்தி, தேள் ஆகியவற்றின் சுற்றத்தைச் சேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழை ஈரம் உள்ளிறங்கியதும் வெளிவருகிறது. ஏன் அந்நேரம் பார்த்து வருகிறது? அதே மழைக்குப் பின் புற்றினின்று ஈசல் புறப்படுகிறது. ஈசலும் கறையானும் மூதாய்க்கு உணவு. விருந்து நடக்கும் நாளறிந்து வரும் விருந்தாளியைப் போன்றது அது. பழம்புலவர் ஈசலையும் மூதாயையும் ஒருங்கே வைத்துப் பாடியது ஓசை கருதியன்று. கண்ணாற் கண்டதனால் ஆகும்.

இக்காலத்து மூதாய் குறைந்து வருகிறது என முதியோர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். வயலில் தெளிக்கும் நஞ்சு காரணம் என்பார் சிலர். மேட்டுநிலமெல்லாம் மனையானது காரணம் என்பார் சிலர். வடநாட்டில் மருந்தெண்ணெய்க்கென அவற்றைத் திரட்டி விற்பதும் உண்டு. எந்த ஆண்டில் எத்தனை கண்டீர் என்று கேட்டால், அம்முதியோருள் ஒருவரும் எழுதி வைத்தாரிலர். கண்டவர் எழுதாமையால், இழந்தது எவ்வளவு என்று அளக்கவும் வழியின்றிப் போயிற்று. எனக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை. மூதாய் என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதும் மாணவர் ஆயிரவர் இருப்பர். அவர் காலத்திலேயே அப்பொருள் மறைந்துவிட்டால், அச்சொல் எதனைச் சுட்டும்?

இனித் தும்பியின் கதையைக் கேளுங்கள். ஐப்பசி தொடங்கும்போது வயல்வெளியிலும் கடற்கரையிலும் மஞ்சட்சிவப்பு நிறமுள்ள தட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பறக்கின்றன. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் ஊரார் சொல்வர். இதனைப் பாமரர் பேச்சு எனத் தள்ளியவர் பலர். நமக்குத் தென்மேற்கே, கடல்நடுவில், பலநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மாலத்தீவுகள் உள்ளன. பவளத்தால் ஆன அத்தீவுகளில் தட்டான் முட்டையிட்டுப் பெருகத்தக்க நன்னீர்ப் பரப்பு இல்லை என்றே கூறலாம். ஆயினும் ஆண்டுதோறும் அக்டோபரில் இலட்சக்கணக்கான தட்டான்கள் அங்கு வந்திறங்குகின்றன. எங்கிருந்து வருகின்றன? அத்தீவுகளில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலார் பல்லாண்டுகள் அவற்றின் வருகை நாளைக் குறித்துவைத்தார். தென்னிந்தியாவினின்று வடகிழக்குக் காற்றின்மேல் ஏறிக் கடல்கடந்து, மாலத்தீவுகளின் வழியே கிழக்கு ஆப்பிரிக்கா வரை அவை செல்கின்றன என 2009-இல் தம் கருத்தை வெளியிட்டார். மழை பெய்யும் வலயம் தெற்கே நகர நகர, அதனொடு இவையும் நகர்கின்றன. மழைநீர் தேங்கிய குட்டைகளில் முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறை திரும்பி வருகிறது. நான்கு தலைமுறைகள் சேர்ந்து ஒரு சுற்றை முடிக்கும் என்றும், அச்சுற்றின் நீளம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்றும் அவர் கணித்தார்.

விரல் நீளம் உள்ள ஓர் உயிர் மாக்கடலைக் கடக்கிறது! கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மாலை உலாவும்போது நம் தலைக்குமேற் பறக்கும் தட்டான்களுள் சில அப்பயணத்தை மேற்கொண்டனவாக இருத்தல் கூடும். அதன் வாலில் நூல் கட்டி விளையாடும் சிறுவன் இதனை அறிந்தால், நூலை அவிழ்த்து விடுவான் என்றே நம்புகிறேன். மழையோடு இயங்கும் உயிரை மழையின் அறிகுறியாகக் கொண்ட ஊரார் பேச்சில் உண்மை உண்டு என்பதையும் இங்கே கருதுக. அவர்க்குக் காரணம் தெரியாது, காட்சி தெரியும்.

இவ்விடத்து இருவகைத் தவறுகள் நிகழ்கின்றன. முன்னோர் சொன்ன அடையாளங்களை எல்லாம் கண்ணை மூடி நம்புவோர் ஒருசாரார்; மூடநம்பிக்கை என்று எல்லாவற்றையும் எறிவோர் மற்றொரு சாரார். இருவரும் ஒன்றிற் சமமானவர்: இருவருமே அண்ணாந்து பார்த்துச் சோதிப்பதில்லை. சோதிக்கும் முறைக்கு நிலவே நல்ல எடுத்துக்காட்டு.

கூதிர் இரவுகளில் நிலவைச் சுற்றி வட்டம் தோன்றும். 'நிலாக் கோட்டை கட்டியிருக்கிறது' என்பர் மக்கள். இலக்கிய வழக்கில் இதற்கு ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் பெயர். கோட்டை எட்டக் கட்டினால் மழை கிட்ட வரும், கிட்டக் கட்டினால் மழை எட்டப் போகும் என்பது உழவர் கணக்கு. இது சொல் விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால், உற்று நோக்கினால் வட்டங்கள் உண்மையிலேயே இருவகை என்பது புலனாகும். ஒன்று, நிலவை ஒட்டினாற்போல் சிறிதாய், வண்ணம் கலந்து தோன்றுவது. மெல்லிய மேகத்திலுள்ள நீர்த்துளிகளால் அது உண்டாகிறது. மற்றொன்று அகன்ற வட்டம். நிலவிலிருந்து ஏறத்தாழ 22 பாகை விலகி நிற்கும். கையை முழுதும் நீட்டி, விரல்களை அகல விரித்து, பெருவிரல் நுனியால் நிலவை மறைத்தால், சிறுவிரல் நுனி ஏறத்தாழ அவ்வட்டத்தைத் தொடும். அது நீர்த்துளியால் ஆவதன்று. ஆறு கிலோமீட்டருக்கும் மேலே, வெண்திரை போல் விரிந்த மேகத்தில் பனிப்படிகங்கள் மிதக்கின்றன. அறுகோண வடிவமுள்ள அப்படிகங்களில் நிலவொளி புகுந்து வளைந்து வருவதால் அகன்ற வட்டம் அமைகிறது. ஐப்பசி வெக்கையில் வியர்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு நேர் மேலே பனிக்கட்டி மிதப்பது வியப்பன்றோ? வங்கக் கடலில் பெருமழை மேகமோ புயலோ திரளும்போது, அதன் உச்சியிலிருந்து இத்தகைய மென்மேகம் பலநூறு கிலோமீட்டர் தொலைவு வரை பரவி முன்னே வரும். எனவே, எட்டக் கோட்டை கட்டினால் மழை கிட்ட வருதல் உண்டு. வாராமல் போதலும் உண்டு. மேகம் நம்மை நோக்கித்தான் வரவேண்டும் என்பதில்லை.

தேவனாம்பட்டினக் கடற்கரையில் முதிய மீனவர் ஒருவரை ஒருநாள் வினவினேன். "பெரியவரே, நேற்று நிலா பெரிய கோட்டை கட்டியிருந்ததே, கடலுக்குப் போகலாமா?" என்றேன். அவர் வலையினின்று கண்ணை எடுக்காமலே, "நானும் பார்த்தேன், வாத்தியாரையா. கொண்டலும் நேற்றிலிருந்து ஒரு மாதிரியாக அடிக்கிறது. ஆனாலும், துறைமுகத்தில் என்ன கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குவோம்" என்றார். வானையும் பார்க்கிறார், கூண்டையும் பார்க்கிறார். இதனினும் தெளிந்த அறிவு யாது? 2011 டிசம்பர் 30-ஆம் நாள் காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் பெருவாரியாகச் சாய்த்தது. அத்தகைய புயலின் வேகத்தையும் வழியையும் நிலவின் கோட்டையோ தும்பியோ நமக்குச் சொல்லா. அதனைச் செயற்கைக் கோளும் வானிலை நிலையமும்தாம் சொல்ல வல்லன. வானத்தைப் பார்க்கக் கற்றவன் அறிவிப்பை அலட்சியம் செய்யான். அவ்வறிவிப்பின் பொருள் அவனுக்கே நன்கு விளங்கும்.

அடையாளங்களைச் சோதிக்கும்போது, அவை பிறந்த மண்ணையும் கருதவேண்டும். காலை வானவில் மழைக்கு அறிகுறி, மாலை வானவில் மழை விடுவதற்கு அறிகுறி என்று ஆங்கிலேயரிடம் ஒரு வழக்கு உண்டு. அவர்கள் நாட்டில் மழைமேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. வானவில் எப்போதும் கதிரவனுக்கு எதிர்த்திசையில் தோன்றும். ஆகவே காலையில் மேற்கே தோன்றும் வில், வரவிருக்கும் மழையின்மேல் தோன்றியதாகும். நம் கடலூரில் கூதிர்மழை கிழக்கே கடலினின்று வருகிறது. ஆதலால் இங்கே கணக்கு தலைகீழ். காலையில் மேற்கே, விருத்தாசலத்தை நோக்கிய வானில் வில் தோன்றினால், மழை நம்மைக் கடந்து உள்நாடு சென்றது என்க. மாலையில் கடலின்மேல் வில் தோன்றினால், விரைந்து வீடு போய்ச் சேர்க. பிறநாட்டு வழக்கை மனப்பாடம் செய்தவன் நனைவான். நண்பகலில் வில்லைத் தேடுதல் வீண். கதிரவன் 42 பாகைக்கு மேல் உயர்ந்து நின்றால் தரையில் நிற்பவர்க்கு அது தோன்றாது.

முன்னோர் கூற்றுள் சோதனையில் தோற்பனவும் உள. வால்வெள்ளி தோன்றினால் நாட்டிற்குக் கேடு என்றனர். 2024 அக்டோபரில் ஒரு வால்வெள்ளி மாலை நேரத்து மேற்கு வானில் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. சீனத்து வான்நிலையம் ஒன்றும் தென்னாப்பிரிக்காவிலுள்ள தொலைநோக்கி ஒன்றும் 2023-இல் அதனைக் கண்டறிந்தன. மேகம் விலகிய ஊர்களில் கண்டோர் பலர். மழைமேகம் மூடிய ஊர்களில் காணாதோர் அதனினும் பலர். அவ்வால்வெள்ளி கெடுத்தது ஒன்றுமில்லை. அரிதாக வரும் விருந்தைத் தீநிமித்தம் என்று அஞ்சிக் கதவடைத்தல் பேதைமை.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இப்பருவத்திற்கு இழைத்த குறையாகும். பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டுவித்த வீராணம் ஏரி நிரம்பும்போது, நெடிய அதன் கரைமேல் நின்று பாருங்கள். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டுப் பறவைகள். அவற்றோடு நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியன வடக்கே ஆசியாவின் குளிர்நிலங்களினின்று வந்து கூடும். உள்ளான்கள் பிச்சாவரத்துச் சேற்றில் ஓடித் திரியும். 2022-இல் அக்காடு உலகச் சிறப்புடைய ஈரநிலம் என ராம்சர் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அத்தகைய பெருமை வந்து சேர்ந்ததற்கு இப்பறவைகளும் ஒரு காரணம் எனலாம். வீட்டுக்கு எதிரே மின்கம்பியில் வரிசையாக அமரும் சிறுகுருவியையும் மறவாதீர்கள். பிளவுபட்ட வாலும் செந்நிறத் தொண்டையும் உடைய அதன் பெயர் தகைவிலான். தகைவு என்பது களைப்பு. களைப்பு இல்லாதது தகைவிலான். எத்துணை அழகிய பெயர்! இமயத்திற்கு அப்பாலிருந்தும் பறந்து வந்து, அமர்ந்திருக்கும் நேரம் குறைந்து, பறந்துகொண்டே பூச்சியைப் பிடித்துண்ணும் பறவைக்கு இதனினும் பொருத்தமான பெயரை வேறெந்த மொழியார் இட்டனரோ, யான் அறியேன். ஊரார் வாயில் இது 'தலையில்லாக் குருவி' என மருவியதும் உண்டு. தலை நன்றாகத்தான் இருக்கிறது, தேய்ந்தது சொல்லே.

இத்தகைவிலானை இவ்வாண்டு முதன்முதல் கம்பியிற் கண்ட நாள் எது? ஒரு பழைய குறிப்பேட்டில், நாள், இடம், நேரம், கண்டது என நான்கு செய்திகளை எழுதிவைக்க எத்தனை நொடி ஆகும்? சப்பானியர் கியோட்டோ நகரில் செர்ரி மலரும் நாளை ஒன்பதாம் நூற்றாண்டு முதலே ஆங்காங்கு எழுதிவைத்தனர். அரசவையினரும் துறவியரும் விழாவின் பொருட்டு எழுதிய அந்நாட்குறிப்புகளைக் கொண்டு, ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் அந்நாட்டு வெப்பம் மாறிய வகையை இன்றைய அறிவியலார் ஆராய்கின்றனர். மலர்க்கொண்டாட்டம் பற்றி எழுதியவர் இதனை எண்ணியிருப்பரா? நம் நாட்டிலும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். மாணவரும் அதிற் பங்கு கொள்ளலாம். எழுதும்போது கண்டதையே எழுதுங்கள். தோழன் கண்டதாகச் சொன்னதைத் தோழன் பெயரால் எழுதுங்கள். தேடியும் மூதாயைக் காணாத நாள் ஒன்று இருந்தால், காணவில்லை என்பதையும் எழுதுங்கள். நாளை அவ்வொரு சொல்லே பெரிதும் வேண்டப்படலாம். பறவையின் கூட்டைக் கலைத்தும், கல்லெறிந்து எழுப்பியும், பாம்புப் புற்றில் கோலை நுழைத்தும் காண்பது காட்சியன்று, தொல்லை. கதிரவனைச் சுற்றிய வட்டத்தைக் காணும்போது கதிரவனைக் கையால் மறைத்துக்கொள்க. நேரே நோக்கினால் கண் கெடும்.

கார்த்திகைத் திங்களுக்கு அப்பெயர் வந்தது, அத்திங்களின் முழுநிலவு கார்த்திகை மீன்களுக்கு அருகே நிற்பதனால். ஆனால் விளக்கீட்டு நாளன்று நிலவொளியில் அம்மீன்கள் மங்கிவிடும். ஏழெட்டு நாள் பொறுத்து, மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருக்கும் ஒரு முன்னிரவில், நிலவு எழுமுன், தெருவிளக்கின் ஒளி படாத இடத்தில் நின்று கிழக்கே உயர நோக்குங்கள். சிறு கொத்தாக அவை தோன்றும். முன்னோர் அதனை அறுமீன் என்றனர். நெய்வேலிப் பக்கத்து மாணவனும் பரங்கிப்பேட்டை மாணவியும் ஒரே இரவில் எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குப் பட்டவை ஐந்தோ, ஆறோ, ஏழோ, அவ்வெண்ணை அந்நாளின் பக்கத்தில் எழுதிவைத்து, மறுநாள் வகுப்பில் ஒப்பிடுங்கள்.